புது நிலத்தை ஏற்கும் முன் பழைய எல்லையைச் சுற்றி நடந்து வாருங்கள்

காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில் உள்ள உங்கள் ஊரில், ஒரு கோயில்காட்டையும் அதை ஒட்டிய ஊரணியையும் காப்பாற்ற 11 வருடம் முன்பு ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கிய ஐயாவுக்கு இப்போது 76 வயது. பொறுப்பை உங்களிடம் கொடுக்கப் போகிறார். இதே சமயத்தில் ஒரு கம்பெனி, சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைத் தருகிறேன் என்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு குடும்பம் 22 ஏக்கர் பூர்வீக நிலத்தை எழுதித் தருகிறேன் என்கிறது. 3 பேர் பார்த்த வேலையை இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்; ஆரம்பத்தில் சம்பளம் இல்லாமல் வந்து மண்வெட்டி பிடித்தவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது, எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இதே சீமையில், இதே மாதிரி ஓர் அறக்கட்டளையில் 19 வருடம் செயலாளராக இருந்து, 4 வருடம் முன்பு இளையவர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வந்தவன். அதனால் எங்களுக்குச் சரியாக வந்ததையும் கைதவறிப் போனதையும் வைத்தே சொல்கிறேன். என் யோசனை இதுதான்: பொறுப்பேற்ற முதல் வருடம் புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட ஏற்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் நிலத்தின் பத்திரம், எல்லை, காவல், பணம் இவற்றை நேர் செய்வதற்கே அந்த வருடம் சரியாக இருக்கும். "புது அம்மா வந்ததும் வேலை நின்றுபோச்சு" என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நிலம் காக்கும் வேலை மற்ற தர்ம காரியங்களைப் போன்றதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிற திட்டம் என்றால், பணம் இல்லாத வருடம் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் தொடரலாம். நிலத்தில் ஒரே ஒரு கோடை காவல் தப்பினால் போதும், பல வருடம் நின்ற வீரை மரமும் காசா மரமும் விறகுக்கட்டாகிவிடும். எல்லைக்கல்லைப் போய்ப் பார்க்காமல் விட்டால் பக்கத்து மனைப்பிரிவின் வேலி நாலடி உள்ளே வந்து நிற்கும். கிராவல் அள்ளுகிறவர்கள் ஒரே ராத்திரியில் தோண்டிய பள்ளத்தை நம் ஆயுசில் மூட முடியாது. ஒரு நிலத்தை ஏற்கிறோம் என்றால், நாம் போன பிறகும் அதைப் பார்க்க ஆள் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறோம்.

இந்த விஷயத்தில் பழையவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு, சில இடங்களில் 90 ஆடு கொடுத்திருப்பார்கள். ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆடு சாகும், குட்டி போடும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்றே பெயர் வைத்தார்கள். விளக்கைக் கொடுத்தவர் நெய்க்கும் வழி செய்துவிட்டுத்தான் போனார். அசலைத் தொடாமல் அதன் வட்டியில் செலவு செய்யும் மூலநிதி என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்வோம். அந்த நிலத்தோடு 15 லட்ச ரூபாயும் கொடுத்தார் என்பதைப் பல பேர் சொல்ல மறந்துவிடுகிறோம். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. வெறும் நிலத்தைக் கொடுத்தால் பெறுகிறவருக்குச் சுமைதான் கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுபக்கம், நிலமில்லாதவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கம். 1951 ஏப்ரலில் இன்றைய தெலங்கானாவில் உள்ள போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கினார். நாடு முழுக்க 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக வந்தது. அதில் பாறை நிலமும் இருந்தது, வழக்கில் கிடந்த நிலமும் இருந்தது, வாயால் கொடுத்துப் பத்திரம் ஆகாததும் இருந்தது. ஒரு பெரும் பகுதி நிலமில்லாதவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. வினோபாவின் மனதில் ஒரு குறையும் இல்லை. ஊர் ஊராக நடந்தே போன மனிதர். நிலம் வந்த வேகத்துக்கு அதை அளக்க, பதிய, பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை, அவ்வளவுதான். 22 ஏக்கர் வருகிறது என்ற சந்தோஷத்தில் இருக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது?

ஐயாவிடமிருந்தே தொடங்குங்கள். அவர் நடமாட்டத்தோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் பல. முதலாவது, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தொடங்கிய காலத்தில் அவசரத்துக்கு ஐயாவின் சொந்தப் பெயரில் கிரயம் செய்திருப்பார்கள், 'அப்புறம் டிரஸ்ட் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று. அந்த அப்புறம் வராமலே போன அறக்கட்டளைகளை எனக்குத் தெரியும். அவர் காலத்துக்குப் பிறகு அது அவர் வாரிசுகளின் சொத்து; பிள்ளைகள் நல்லவர்களாகவே இருந்தாலும் மருமக்கள், பேரன்கள் என்று கை மாறிக்கொண்டே போகும். இப்போதே அறக்கட்டளையின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பதிவு கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது.

அப்புறம் வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு, நிலத்தின் அளவு காட்டும் புலப்படம், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் இவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவு நடந்தபோது பெயர் மாறிப்போன, விஸ்தீரணம் குறைந்துபோன நிலங்கள் நம் பக்கம் நிறைய. பத்திரத்தில் 6 ஏக்கர் இருக்கும், பட்டாவில் 5.40 இருக்கும். சர்வேயரை அழைத்து அளந்து கல் ஊன்றுங்கள். அந்த அளவையின்போது பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் கண்முன் ஊன்றிய கல்லுக்கு மரியாதை அதிகம்.

கேட்கச் சின்னதாக இருக்கும் இன்னொரு விஷயம்: அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு, வருமான வரித் தளம், பான் அட்டை எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்குப் போகிறது? பெரும்பாலும் தொடங்கியவருடைய எண்ணுக்கே போகும். எங்கள் இடத்தில் தலைவர் திடீரென்று மருத்துவமனையில் படுத்தபோது 3 மாதம் காவல்காரர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் தவித்தோம். அவர்கள் வீட்டு அடுப்பு எரிய நான் கடன் வாங்கிக் கொடுத்தேன்.

அறக்கட்டளைப் பத்திரத்தையும் ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள். புது அறங்காவலரை யார் நியமிப்பது, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், அறக்கட்டளை கலைந்தால் நிலம் யாருக்குப் போகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நோக்கத்தில் திருத்தம் செய்தால் 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

இப்போது பங்காளி விஷயம். செட்டிநாட்டில் நிலம் காக்க இறங்கும் எவரும் இதில் மாட்டாமல் தப்ப முடியாது. எங்களுக்கு ஒரு குடும்பம் 17 ஏக்கர் கொடுத்தது. பங்காளிகள் 5 பேர். 4 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாமவர் பினாங்கில் இருந்தார். "அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்" என்றார்கள், நாங்களும் நம்பினோம். 7 வருடம் அந்த மண்ணில் இலுப்பைக் கன்றும் பாலைக் கன்றும் நட்டுத் தண்ணீர் சுமந்தோம். அவர் காலமான பிறகு மகன்கள் வந்து பாகம் கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் கேட்டது நியாயம். 4 வருடம் கோர்ட்டுக்கு நடந்துவிட்டு, ரோட்டோரமாக இருந்த பாகத்தை விட்டுக்கொடுத்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அந்தப் பாகத்தில்தான் ஓடியது. இன்று அங்கே மனைக்கற்கள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால் நான் இன்னும் மறுபக்கம்தான் பார்ப்பேன்.

ஆகவே உங்கள் கோலாலம்பூர் குடும்பத்திடம் முதலில் வாரிசுப் பட்டியல் கேளுங்கள். பாகப்பிரிவினை நடந்திருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்பினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அவர்கள் மலேசியக் குடிமக்கள் என்றால் விவசாய நிலத்தை யாருக்குக் கைமாற்றலாம் என்பதற்கே அந்நியச் செலாவணிச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் அனுப்பும் பணமும் வெளிநாட்டு நன்கொடை; வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இரண்டுக்கும் இருக்கும் இந்த வித்தியாசம் தெரியாமல் அன்பினால் வாங்கிப் போட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள்.

நிலத்தை எழுதி வாங்காமலே காக்க வழி உண்டா என்றும் கேட்பீர்கள். அமெரிக்காவில் நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, அதில் இனிக் கட்டடம் கட்டுவதில்லை என்று ஓர் அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுக்கும் பத்திர முறை இருக்கிறது. நமக்கு அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. நீண்ட காலக் குத்தகை எழுதிப் பதிவு செய்வது ஒரு வழி. கோயில்காட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டப்படி பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கச் சொல்லி ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு மூலம் கேட்பது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவுதான். 2025இல் அதையும் அறிவித்தார்கள். சின்னக் காடு என்று தயங்க வேண்டாம். கண்மாயைப் பொறுத்தவரை அது யாருடையது என்பதில் குழப்பம் வைத்துக்கொள்ளாதீர்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நீங்கள் அங்கே வேலை செய்யலாம், சொந்தம் கொண்டாட முடியாது.

கம்பெனிப் பணத்துக்கு வருகிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள்: சி.எஸ்.ஆரில் தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக 3 வருடத்துக்குமேல் ஓடாது. நட்ட இலுப்பை பூக்கும் முன்பே திட்டம் முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு கம்பெனி சீமைக்கருவேலம் அழிக்கப் பணம் கொடுத்தது. பொக்லைன் இறக்கி மொத்தமாகத் தோண்டினோம், போட்டோ எடுத்தோம், கன்று நட்டோம். மூன்றாம் வருடம் பணம் நின்றது, ஆட்களை அனுப்பினோம். விட்டுப்போன வேர்க்கட்டையிலிருந்து துளிர்த்தது. ஆடுமாடு நெற்றைத் தின்றுவிட்டுப் போட்ட சாணத்திலிருந்து முளைத்தது. அடுத்த ஐப்பசிக்குள் முன்பைவிட அடர்த்தியாக நின்றது. மொத்தமாக அழிப்பதைவிட, வருடத்துக்கு 2 ஏக்கர் என்று எடுத்து, மழை முடிந்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கி, அடுத்த 3 வருடமும் முளைத்ததைக் கையால் களைந்துகொண்டே போவதுதான் நிற்கும். கம்பெனிக்காரர்களிடம் இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லுங்கள். கிணறு ஆழப்படுத்த, வேலி போட, அளவைக் கல் ஊன்ற, ஊரணிப் படித்துறையைச் சரிசெய்ய என்று ஒரு முறை செலவுகளுக்கு அந்தப் பணத்தைக் கேளுங்கள். காவல்காரர் சம்பளத்தை அதில் ஏற்றாதீர்கள்.

சம்பளத்துக்கு மூலநிதி வேண்டும். கணக்கு எளிது. 22 ஏக்கருக்குக் காவல், தீத்தடுப்புக்கோடு, வேலி பழுது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத வட்டி கிடைத்தால் 20 லட்ச ரூபாய் வைப்பில் இருக்க வேண்டும். விலைவாசி ஏறும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நன்கொடையாளர் 'இது மூலநிதிக்கு' என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அந்த வருட வருமானமாகிவிடும். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே செலவழிக்கச் சொல்லும் விதியில் மாட்டுவீர்கள். ஒரே குடும்பத்திடம் அவ்வளவும் கிடைக்காவிட்டால் மகமை முறையை நினைத்துப் பாருங்கள். வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கைத் தர்மத்துக்கென்று தனியாக எடுத்து வைத்த ஊர்கள் இவை. காரைக்குடிக் கடைக்காரர் ஒருவர் மாதம் 200 ரூபாய் தவறாமல் கொடுப்பது, ஒரே ஒரு முறை வருகிற லட்ச ரூபாயைவிட எனக்குத் தைரியம் தந்திருக்கிறது.

அப்புறம் மனிதர்கள். இதில்தான் அதிகம் தவறு செய்தோம்.

ஆட்கள் கூடியதும் நாங்கள் முதலில் செய்தது வேலி போட்டது. அந்தத் தரிசில் தலைமுறையாக ஆட்டுக்கிடை போட்டுவந்த கீதாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோடையில் 2 முறை தீப்பிடித்தது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, நான் யாரையும் சொல்லவும் மாட்டேன். அதற்குப் பிறகு போய் உட்கார்ந்து பேசினோம். கன்று இடுப்புயரம் வரும்வரை ஒரு பக்கம் விலக்கு, மறுபக்கம் மேய்ச்சல், பிறகு மாற்றிக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். கோடையில் புல் காயும் முன் ஆடு மேய்ந்துவிட்டால் தீக்கு இரையும் குறைவு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே ஒரு கீதாரிதான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் அப்படித்தான். சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம் என்றால் அவர்கள் அடுப்பில் கை வைக்கிறோம்; வெட்டும் வேலையும் விறகும் முதலில் அவர்களுக்கே போகட்டும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியைப் பாருங்கள். 1977இல் சரணாலயம் என்று அறிவித்தது அரசாங்கம். ஆனால் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். அந்தப் பழக்கத்தை எந்த வேலியாலும் கொண்டுவந்திருக்க முடியாது.

பழைய தொண்டர்கள் முகத்தைத் திருப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளம் இல்லை. நேற்றுவரை "அண்ணே, மடை எந்தப் பக்கம் கசியுது?" என்று அவர்களைக் கேட்டுத்தான் வேலை நடந்தது. இன்று படித்த பிள்ளை லேப்டாப்பில் வரைபடம் காட்டி அவர்களுக்கே விளக்குகிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் முதல் மாதம் ஒரு பழைய ஆளோடு எல்லை சுற்ற அனுப்புங்கள். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்த மரம், எந்த மழைக்குக் கலுங்கு வழிந்தது, ஐயனார் காட்டில் எந்த ஓரத்தில் விறகு பொறுக்க ஊர் அனுமதித்திருக்கிறது, இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. அதைக் கேட்டு எழுதி வைப்பதையே ஒரு வேலையாக வைத்தால் சொல்கிறவருக்கும் மரியாதை, அறக்கட்டளைக்கும் ஆவணம்.

உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இந்த வருடமே யோசியுங்கள். இப்போதுதானே நான் வருகிறேன் என்பீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார் எப்படி நடத்தினார்கள்? பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆவான், அடுத்தாள் கடையை நடத்தும் மேலாள் ஆவான். 3 வருடக் கணக்கு முடிந்து மேலாள் ஊர் திரும்பும்போது சொத்து, கடன், லாப நட்டம் எல்லாம் காட்டும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். கடை ஒரு நாளும் ஆள் இல்லாமல் நிற்காது. உங்கள் 14 பேரில் யார் அடுத்தாள் என்று கேட்டால் உங்களால் ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும். ஐயாவையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கையெழுத்து, பணம், ஆள் எடுப்பது உங்களுடையது என்று அறங்காவலர் கூட்டத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிந்தைய நாட்களில் ஊர்க் கூட்டம், பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போவது, பழைய நன்கொடையாளர்களைப் பார்ப்பது இவை அவருடையதாக இருக்கட்டும். எங்கள் தலைவர் கடைசி 2 வருடம் அப்படித்தான் இருந்தார். அலுவலகத்தில் இருந்த காலத்தைவிட முகம் தெளிவாக இருந்தது.

கோலாலம்பூருக்கு இந்த வாரமே பதில் எழுதிவிடுங்கள், காக்க வைக்க வேண்டாம். நன்றி சொல்லுங்கள். ஒரு வருடம் எங்கள் வீட்டைச் சரிசெய்துகொள்கிறோம், அதற்குள் வாரிசுகள் எல்லோருடைய சம்மதத்தையும் நீங்கள் வாங்கி வையுங்கள், நிலத்தை அளந்து, பராமரிப்புக்கு எவ்வளவு மூலநிதி தேவை என்ற கணக்கையும் அனுப்புகிறோம் என்று எழுதுங்கள். முடிந்தால் தை மாதத்தில் யாராவது ஒருவரை ஊருக்கு வரச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஊரணி நிறைந்திருக்கும்; அவர்களோடு அந்த 22 ஏக்கரை ஒரு சுற்று நடந்து பார்க்கலாம். உங்கள் அடுத்தாளையும் அன்று கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.